மருத்துவமனையில் கட்டடப் பணி நடக்கும்போது யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது?

ஒரு பள்ளியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கோடை விடுமுறைக்குக் காத்திருக்கலாம். திருமண மண்டபத்தை ஆடி மாதத்தில் இடித்துக் கட்டலாம். மருத்துவமனைக்கு அப்படியொரு ஓய்வுக்காலம் கிடையாது. சென்னை அரசுப் பொது மருத்துவமனை 1664இல் கோட்டைக்குள் தொடங்கப்பட்டு, 1772 முதல் இன்றுள்ள இடத்தில் இயங்கிவருகிறது; அந்த வளாகத்தில் பழையன இடிந்ததும் புதியன எழுந்ததும் நோயாளிகள் வந்துபோய்க்கொண்டிருந்தபோதே நடந்தவை. அண்மை ஆண்டுகளில் சென்னைக் கீழ்ப்பாக்கம், மதுரை, கோவை ஆகிய மூன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தபோதும், 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் கல்லூரி மருத்துவமனைகளாக மாறியபோதும் இதே நிலைதான். ஒரு பக்கம் கலவை இயந்திரம் ஓடும், மறுபக்கம் ஓ.பி. சீட்டு வரிசை நீளும்.

இப்படிப்பட்ட காலத்தில் பணியாளர்களுக்கும் நோயாளிகளுக்கும் உடன்வருவோருக்கும் செய்தி சொல்லும் பொறுப்பு, எழுதப்படாத ஏற்பாடாக, நிலைய மருத்துவ அலுவலர் மீதோ செவிலியர் கண்காணிப்பாளர் மீதோ வந்து விழுகிறது. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. நான் பணியாற்றிய மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்றில் நான்காண்டுகள் நீடித்த கட்டடப் பணியின்போது கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். அவற்றில் முதன்மையானதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மருத்துவமனைக்கு வருகிறவர் பலகையைப் படிப்பதில்லை, கண்ணில் படுகிற முதல் ஆளைக் கேட்கிறார். எனவே பலகை எழுதுவதற்கு முன்பாக, அவர் கேட்கப்போகும் அந்த முதல் ஆளுக்குச் சரியான பதில் தெரிந்திருக்கச் செய்ய வேண்டும்.

தேதி யார் வாயிலிருந்து வர வேண்டும்

கட்டடப் பணி தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரே கேள்விக்கு நான்கு பதில்கள் உலவத் தொடங்கிவிடும். பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர் ஒரு தேதி சொல்வார். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் வேறொன்று சொல்வார். மருத்துவமனை முதல்வர் (டீன்) அலுவலகத்தில் மூன்றாவது தேதி இருக்கும். மேஸ்திரியைக் கேட்ட வார்டு பணியாளரிடம் நான்காவது இருக்கும், பெரும்பாலும் அதுவே உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரே ஒரு பொறுப்பாளரை எழுத்துமூலமாக நியமித்து, அவர் கையொப்பமிடாத எந்தத் தேதியும் வார்டுக்குப் போகக் கூடாது என்று முதல்வர் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். பொறுப்பாளர் மூத்த மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வளாகத்தை மூலைமுடுக்கெல்லாம் நடந்து தெரிந்தவராகவும், பொறியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கத் தயங்காதவராகவும் இருந்தால் போதும்; மூத்த செவிலியர் ஒருவர் இதற்கு மிகவும் பொருத்தமானவர்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், அரை மணிக்கு மிகாத கூட்டம் நடத்துங்கள். உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரரின் ஆள், மின்பிரிவு ஆள், நிலைய மருத்துவ அலுவலர், செவிலியர் கண்காணிப்பாளர், பாதுகாப்புப் பணியாளர்களின் மேற்பார்வையாளர், துப்புரவு மேற்பார்வையாளர் ஆகியோர் அதில் இருக்க வேண்டும். கடைசி இருவரை அழைக்க மறப்பது வழக்கம்; ஆனால் வாசலில் நின்று பதில் சொல்கிறவர்கள் அவர்களுடைய ஆட்கள்தான். கூட்டத்தில் பேசவேண்டியது, வரும் 14 நாட்களில் எந்த வழி, எந்த அறை, எந்தக் குழாய், எந்த மின்தூக்கி நிற்கப்போகிறது என்பது மட்டுமே. இதை ஒரு நீளமான பதிவேட்டில் எழுதுங்கள்: எது மூடப்படுகிறது, எந்த நாள் எத்தனை மணி முதல், எதுவரை, அதற்குப் பதிலாக எங்கே செல்ல வேண்டும், யாருக்கெல்லாம் சொல்லியாயிற்று, சொன்னவர் யார். கணினியில் வைத்துக்கொள்வதும் நல்லதே; ஆனால் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் கையில் எடுத்துப் பார்க்கக் காகிதத்தில் ஒரு படி இருக்கட்டும்.

"இரண்டு நாளில் முடித்துவிடுவோம் சார்" என்பது ஒரு தேதி அன்று. அது ஒரு நல்லெண்ண வெளிப்பாடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டடத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் சத் பூஜைக்கும் ஹோலிக்கும் போவார்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும். இவற்றையெல்லாம் கணக்கிட்டுப் பொறியாளர் சொல்லும் தேதியையே வெளியிடுங்கள். உறுதியாகத் தெரியாதபோது, "மறு அறிவிப்பு வரும்வரை" என்று எழுதுவதைவிட, "இந்த வழி தை மாதம் முடியும்வரை திறக்கப்படாது, அடுத்த தகவல் பிப்ரவரி 1 அன்று இதே இடத்தில் ஒட்டப்படும்" என்று எழுதுவது நல்லது. வேலை எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். அடுத்த செய்தி எப்போது வரும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டடம் முடிந்து, கண்ணாடியெல்லாம் துடைத்து, கட்டில்கூடப் போட்டுவிட்டுத் திறப்பு விழாவுக்காகப் பூட்டியே வைத்திருக்கும் வாரங்கள் எல்லா மருத்துவமனைகளிலும் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளியின் மகன், "அந்தக் கட்டடம் ரெடியாத்தானே இருக்கு?" என்று கேட்பார். அவரிடம் "வேலை நடக்கிறது" என்று பொய் சொல்லும்படி எந்தச் செவிலியரையும் நிர்ப்பந்திக்காதீர்கள். தீயணைப்புத் துறைச் சான்று, மின்தூக்கி உரிமம், ஆக்சிஜன் குழாய்ச் சோதனை என்று உண்மையிலேயே நிலுவையில் இருப்பவற்றைச் சொல்லலாம். எதுவும் நிலுவையில் இல்லையென்றால், "திறப்பதற்கான தேதி இன்னும் எங்களுக்கு வரவில்லை" என்பதே நேர்மையான பதில்.

பணியாளர்களுக்கு முதலில், அதிலும் இரவில் வருகிறவர்களுக்கு

எங்கள் மருத்துவமனையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அறுவை அரங்குக்குச் செல்லும் நடையை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடினார்கள். சுற்றறிக்கை காலையிலேயே எல்லாத் துறைகளுக்கும் போயிருந்தது. துறைத்தலைவர்கள் கையொப்பமிட்டு வாங்கியும் இருந்தார்கள். இரவு பதினொன்றரை மணிக்கு, விபத்தில் தொடை எலும்பு முறிந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஒரு பயிற்சி மருத்துவரும் ஒரு பணியாளரும் அந்த நடையில் பாதித்தூரம் போய், தகரத் தடுப்பின் முன்னால் நின்றுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மணல்மூட்டை, மறுபக்கம் சாரம். பின்னோக்கியே இழுத்துவந்தார்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த மனிதர் அலறினார். மறுநாள் விசாரித்தபோது தெரிந்தது: சுற்றறிக்கை பகலில் வந்தது, பகலில் கோப்பில் வைக்கப்பட்டது, இரவுப் பணிக்கு வந்த ஒருவருக்கும் அதைப் பற்றித் தெரியாது. தவறு அந்தப் பயிற்சி மருத்துவருடையது அன்று, கையொப்பம் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்த எங்களுடையது.

அதன்பின் நாங்கள் கடைப்பிடித்த முறை எளிமையானது. செவிலியர்கள் பணி மாறும்போது நோயாளிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒப்படைத்துப் பெற்றுக்கொள்வது எப்படியும் நடக்கிற காரியம். அந்த ஒப்படைப்பின் முதல் வரியாக, "இன்று மூடியிருக்கும் வழிகள்" என்பதைச் சேர்த்தோம். ஒரு தாளில் ஐந்து வரிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. நாள், நேரம், பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகியவை மேலேயே இருக்க வேண்டும். நேற்றைய தாளைக் கிழித்துவிட்டுத்தான் இன்றைய தாளை ஒட்ட வேண்டும். மூன்று நாள் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும் பலகை, பலகையே இல்லாததைவிட மோசமானது.

வாட்ஸ்ஆப் குழு உதவும், ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. அரசுப் பணியாளர்களின் குழுவில் வெளிமுகமை நிறுவனத்தின் துப்புரவுப் பணியாளர்களும் காவலர்களும் இருக்க மாட்டார்கள். அவர்களில் பலரிடம் பணிநேரத்தில் கைபேசி இருக்காது. பட்டமேற்படிப்பு மருத்துவர்களும் பயிற்சி மருத்துவர்களும் துறைவிட்டுத் துறை மாறிக்கொண்டே இருப்பவர்கள், சென்ற மாதம் சொன்னது இந்த மாதம் வந்தவருக்குத் தெரியாது. குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே ஆக்சிஜன் நிறுத்த அறிவிப்பு மூழ்கிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டடப் பணிக்கென்று தனிக் குழு ஒன்றை ஏற்படுத்தி, பொறுப்பாளர் மட்டுமே அதில் பதிவிட முடியும் என்று அமைத்துவிடுவது நல்லது. கூடவே, ஒவ்வொரு நுழைவாயில் காவலரிடமும் பொறுப்பாளர் நாளுக்கு ஒருமுறை நேரில் சென்று, "எக்ஸ்ரே எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுப்பதைவிடக் கேட்டுப் பார்ப்பது விரைவாக உண்மையைக் காட்டும்.

108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களைத் தனியாக நினைவில் வையுங்கள். அவர்கள் நம் பணியாளர்கள் அல்லர், நம் சுற்றறிக்கை அவர்களுக்குப் போகாது, ஆனால் நுழைவாயில் மாறினால் முதலில் தவிப்பவர்கள் அவர்களே. வாயில் மாறும் நாளுக்கு முன்பாக மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, மாற்றம் நடக்கும் முதல் மூன்று நாட்கள் இரவும் பகலும் ஓர் ஆளைப் பழைய வாயிலில் நிறுத்துங்கள். அண்டை வட்டங்களிலிருந்து நோயாளிகளை அனுப்பிவைக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும், உறவினர்களே ஏற்றிவரும் தனியார் வாகனங்களுக்கும் அந்த ஆள் ஒருவரே பதில்.

நிறுத்தங்களும் தீயும்

மின்சாரம், தண்ணீர், ஆக்சிஜன் ஆகியவற்றை நிறுத்துவதற்கான அறிவிப்பு மற்ற அறிவிப்புகளைப் போன்றதன்று. இதில் "சொல்லியாயிற்று" என்பது போதாது, "கேட்டுக்கொண்டோம், தயாராக இருக்கிறோம்" என்ற பதில் திரும்பி வர வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு, பச்சிளங்குழந்தைகள் பிரிவு, அறுவை அரங்கு, டயாலிசிஸ், ரத்த வங்கி ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் பெயர் சொல்லி ஒருவர் ஒப்புதல் தராமல், வால்வில் கைவைக்கக் கூடாது என்று பொறியாளரோடு எழுத்துமூலம் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பும், முந்தின நாளும், அரை மணி நேரத்துக்கு முன்பும் என மூன்று முறை சொல்ல வேண்டும். மீண்டும் திறந்ததையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மறந்ததால் ஆக்சிஜன் உருளைகளையே நம்பிக்கொண்டு ஒரு பிரிவு நெடுநேரம் காத்திருந்ததுண்டு.

தடுப்புகள் எழும்போது தீ விபத்தில் வெளியேறும் வழிகளும் மாறிவிடுகின்றன. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் பற்றிய தீயில் ஏறத்தாழ 90 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, மேல்தளங்களுக்குப் பரவிய புகை. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களை எந்தப் படிக்கட்டு வழியாக இறக்குவது என்பது ஒவ்வொரு பணிநேரத்திலும் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே வழி மாறும் ஒவ்வொரு முறையும், அந்த வார்டின் பணியாளர்களைப் புதிய வழியில் ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டுவது இதற்கு ஈடாகாது. வெளியேறும் வழியில் சிமெண்டு மூட்டை அடுக்கப்பட்டிருந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற எண்ணும் அந்த நடையின் முடிவில் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

தூசியையும் சத்தத்தையும் பற்றி என்ன சொல்வது

தூசி வெறும் தொந்தரவுதான் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவது பெரும் பிழை. பழைய சுவரையும் பொய்க்கூரையையும் இடிக்கும்போது ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் காற்றில் கலக்கின்றன. நல்ல உடல்நிலையில் இருப்பவரை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ரத்தப் புற்றுநோயாளிகள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரின் நுரையீரலில் அவை உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடும். 2021இல் கரும்பூஞ்சை என்ற சொல்லை ஊரே கற்றுக்கொண்டது. இது வேறு பூஞ்சை என்றாலும், அந்த நினைவு இருப்பதால் பூஞ்சை என்ற சொல்லே மக்களிடம் பீதியைக் கிளப்பும். ஆகவே எல்லோருக்கும் பொதுவான பலகையில் இதை எழுதாதீர்கள். பாதிக்கப்படக்கூடிய நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் மருத்துவரே நேரில், செய்ய வேண்டியதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்தப் பக்கச் சன்னலைத் திறக்காதீர்கள், பரிசோதனைக்குக் கீழே போகும்போது இந்த முகக்கவசத்தை அணியுங்கள், அந்த நடை வழியாகப் போகாமல் இந்த மின்தூக்கியில் போங்கள். பணியாளர்களுக்கோ காரணத்தை முழுவதுமாக விளக்கிவிடுங்கள். ஏன் என்று தெரிந்த செவிலியர்தான் பிளாஸ்டிக் திரை கிழிந்திருப்பதைக் கண்டதும் தொலைபேசியை எடுப்பார்.

சத்தத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே பகலில் 50 டெசிபெல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 40 டெசிபெல் என்பவை வரம்புகள். கான்கிரீட் உடைக்கும் இயந்திரம் இந்த எண்களுக்குள் அடங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே, உடைக்கும் வேலை எந்த நேரத்தில் மட்டும் நடக்கும் என்பதைப் பொறியாளரோடு பேசி முடிவுசெய்து, அந்த நேரத்தைப் பக்கத்து வார்டுகளில் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். எதிர்பார்த்த சத்தத்தை நோயாளி பொறுத்துக்கொள்வார். தூக்கத்தில் கட்டில் அதிர்ந்தால், கட்டடமே இடிகிறதென்று எழுந்து ஓடுவார். இதயநோய்ப் பிரிவில் ஒரு பெரியவர் அப்படி எழுந்து, கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார்.

வருகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர்

"பொதுமக்கள்" என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிட்டால் யாருக்கும் சரியாகச் செய்தி போகாது. மாதந்தோறும் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வருகிற மூதாட்டி பத்து ஆண்டுகளாக ஒரே வாயிலில் நுழைந்து, ஒரே தூணைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பிப் பழகியவர். அவருக்குப் பலகை தேவையில்லை, தூண் தேவை. அந்தத் தூண் இருக்காது என்பதை அவருக்கு முந்தின மாதமே சொல்ல வேண்டும். மாத்திரை கொடுக்கும் மருந்தாளுநர் அவருடைய நோட்டின் பின்னட்டையில், "அடுத்த மாதம் மாத்திரை: புதுக் கட்டடம், தரைத்தளம், பச்சைக் கதவு" என்று ஒரு ரப்பர் முத்திரை குத்திவிட்டால், அவரால் படிக்க முடியாவிட்டாலும் பேருந்தில் அருகில் இருப்பவர் படித்துச் சொல்வார். காசநோய், டயாலிசிஸ், புற்றுநோய் மருந்தேற்றம் ஆகியவற்றுக்காகத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் அனைவருக்கும் இதே வழி பொருந்தும். அவர்களுடைய தொலைபேசி எண்கள் பதிவேட்டில் இருக்கின்றன. முந்தின நாள் ஒரு அழைப்பு போதும்.

கர்ப்பிணிகளுக்குச் செய்தி சொல்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே அருமையான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தம் பகுதியில் யாருக்கு எந்த மாதம் பிரசவம் என்ற பட்டியல் இருக்கிறது. பிரசவ வார்டு இடம் மாறுகிறதென்றால், சுகாதாரப் பணிகள் துறை வழியாக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் செய்தி அனுப்பி, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணோடு அந்தப் பெண்கள் வைத்திருக்கும் அட்டையில் புதிய வாயிலை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வலி எடுத்து நள்ளிரவில் வருகிறபோது அவர்கள் எந்தப் பலகையையும் பார்க்கப்போவதில்லை.

உடன் தங்குகிறவர்களை நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். நோயாளி கட்டிலில் இருப்பார்; அவருடைய மனைவிதான் மருந்து வாங்கவும், பரிசோதனை முடிவு வாங்கவும், வெந்நீர் பிடிக்கவும், கழிப்பறை தேடவும் நாளுக்கு இருபது முறை நடக்கிறார். எனவே ஒரு வார்டு இடம் மாறும்போது முதலில் சொல்ல வேண்டியவை கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, இரவில் படுக்க இடம் எங்கே, கைபேசிக்கு மின்னேற்றம் எங்கே என்பவைதான். இறந்தவரின் உடலை வாங்கக் காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியும் யோசியுங்கள். பிணவறைக்குச் செல்லும் வழி மாறியிருந்தால் அவர்களிடம் வழி சொல்லி அனுப்பாதீர்கள். ஒருவரை உடன் அனுப்புங்கள். அவர்கள் சாரத்துக்கு அடியிலும் சேற்றிலும் நடந்து, நான்கு பேரிடம் "பிணவறை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு போகும்படி விடுவது நாம் செய்யக்கூடாத காரியம்.

பலகை எழுதும் கலை

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவு இடம் மாறியபோது முதலில் ஒட்டப்பட்ட அறிவிப்பு இதுதான்: "மருத்துவமனை வளாகத்தில் நடைபெற்றுவரும் கட்டுமானப் பணிகளை முன்னிட்டு கதிரியக்கப் பிரிவானது தற்காலிகமாக மாற்று இடத்திற்கு இடமாற்றம் செய்யப்பட்டுள்ளது என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. பொதுமக்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்." இலக்கணப்பிழை பெரிதாக இல்லை, பயனும் இல்லை. கதிரியக்கம் என்ற சொல்லைப் பார்த்து எக்ஸ்ரே என்று யாரும் புரிந்துகொள்ளவில்லை, சிலர் புற்றுநோய் சிகிச்சை என்று நினைத்தார்கள். மாற்று இடம் எது என்பதே அதில் இல்லை. இரண்டாம் நாள் ஓர் எக்ஸ்ரே உதவியாளர் அதற்குக் கீழே அட்டையில் கரிக்கட்டி எழுத்தில், "எக்ஸ்ரே இங்கே இல்லை. வெளியே போய் வலது பக்கம், வேப்பமரத்துக்கு எதிரே, மஞ்சள் கட்டடம்" என்று எழுதித் தொங்கவிட்டார். அதன்பிறகு அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு அச்சிட்ட எல்லாப் பலகைகளுக்கும் அந்த அட்டையே எங்களுக்கு மாதிரி.

முதல் வரியில் மக்கள் சொல்லும் பெயர் இருக்க வேண்டும்: மகப்பேறு மற்றும் மகளிர் நோயியல் என்பதற்கு முன்னால் பிரசவ வார்டு, எலும்பியல் என்பதற்கு முன்னால் எலும்பு முறிவு. இரண்டாம் வரியில் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம். "பி பிளாக்" என்பது பொறியாளரின் வரைபடத்தில் மட்டுமே இருக்கும் இடம். எத்தனை நிமிட நடை, படி உண்டா, சாய்தளம் உண்டா என்பதைச் சேர்ப்பது மூச்சிரைப்பவருக்கும் சக்கரநாற்காலியில் வருபவருக்கும் பெரும் உதவி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அணுகல்வசதியை அவர்களின் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. தற்காலிக வழி என்பதால் அந்த உரிமை தற்காலிகமாக நின்றுவிடாது. வருத்தம் தெரிவிக்கும் வரி வேண்டுமென்றால் கடைசியில், சிறிய எழுத்தில்.

பலகையை மக்கள் முடிவெடுக்கும் இடத்தில் வையுங்கள். அதாவது மூடிய கதவின் மேலன்று, அந்தக் கதவுக்குத் திரும்பும் முனையில். கண்மட்டத்தில் இருக்கட்டும். வரிசையில் நிற்பவர்களின் முதுகு அதை மறைக்கிறதா என்று காலை ஒன்பது மணிக்குச் சென்று பாருங்கள்; மாலையில் பார்த்தால் எல்லாப் பலகையும் நன்றாகத்தான் தெரியும். தரையில் நிறக்கோடு வரைவது படிக்கத் தெரியாதவர்களுக்கும் வேற்றுமொழிக்காரர்களுக்கும் மிகவும் பயன்படும். "நீலக்கோட்டோடு போங்க" என்று காவலர் சொல்லிவிடலாம். ஆனால் நான்கு நிறங்களுக்கு மேல் போனால் அதுவும் குழப்பமாகிவிடும், மலிவான வண்ணம் ஒரு மழைக்கு அழிந்துவிடும். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும், கன்னியாகுமரியில் மலையாளமும், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் தேவைப்படலாம்; எந்த மொழி என்பதை ஓ.பி. சீட்டு எழுதுகிறவரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

மதில்சுவருக்கு வெளியே

மருத்துவமனையின் உண்மையான விசாரணை மையம் வாசலுக்கு எதிரே இருக்கும் தேநீர்க்கடை. அதற்கு அடுத்தது ஆட்டோ நிறுத்தம், அதற்கும் அடுத்தது மருந்துக்கடை. எங்கள் ஊர்ப் பேருந்து நடத்துனர்கள் "பெரியாஸ்பத்திரி பழைய கேட்", "புது கேட்" என்று பிரித்துக் கூவத் தொடங்கிய பிறகுதான் வழிதவறி வருகிறவர்கள் பாதியாகக் குறைந்ததாக எங்கள் காவலர்கள் சொன்னார்கள். அதற்கு நாங்கள் செய்ததெல்லாம் பணிமனை மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்ததும், ஆட்டோ ஓட்டுநர்களை ஒரு மாலை உள்ளே அழைத்துவந்து புதிய வழியைச் சுற்றிக் காட்டியதும்தான். சுற்றி முடித்ததும் அவர்கள்தான், இரண்டாம் வாயிலில் வண்டி திரும்ப இடமில்லை என்பதைச் சொன்னார்கள். எங்கள் பொறியாளர் அதைக் கவனித்திருக்கவில்லை. கைபேசி வரைபடத்தில் பழைய நுழைவாயிலே காட்டப்படும் என்பதால், அதைத் திருத்தும் வேலையையும் யாரேனும் ஓர் இளம் மருத்துவரிடம் ஒப்படையுங்கள்.

வதந்திகளும் இதே கடைகளில்தான் பிறக்கின்றன. படுக்கைகளைக் குறைக்கப்போகிறார்கள், கட்டணம் வாங்கப்போகிறார்கள், மருத்துவமனையையே ஊருக்கு வெளியே கொண்டுபோகப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பும். அவற்றில் சில உண்மையாகவும் இருக்கக்கூடும் என்பதால், கேட்டவுடன் மறுத்துவிடாமல், ஆணையில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே திட்டங்களின் விவரங்களை வெளியிடும் கடமையை அலுவலகங்களுக்கு விதிக்கிறது. எத்தனை படுக்கைகள், எத்தனை தளங்கள், எந்தத் துறை எங்கே என்று ஒரு படத்தை வாசலில் வைத்துவிட்டால், பாதிப் பேச்சு அடங்கிவிடும். புகார் சொல்ல ஒரு பெயரும் ஓர் எண்ணும் பலகையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை உண்மையிலேயே ஒருவர் எடுக்க வேண்டும். வந்த புகார்களை வாரக் கூட்டத்தில் முதலில் படியுங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்திருந்தால், கேட்டவர்களிடம் குறையில்லை, ஏதோ ஒரு பலகை தவறான இடத்தில் இருக்கிறது.

இடம் மாறிய பிறகு

வார்டு மாறும் நாளில் எல்லோருடைய கவனமும் புதிய கட்டடத்தில் இருக்கும். ஆள் தேவைப்படுவதோ பழைய கட்டடத்தில்தான். பழைய கதவின் அருகே நாற்காலி போட்டு ஒருவரைக் குறைந்தது ஆறு வாரங்கள் உட்காரவையுங்கள். மாதம் ஒருமுறை வருகிறவர் அனைவரும் ஒரு சுற்று வந்துபோக ஒரு மாதமாகும், திருவிழாவுக்காகத் தள்ளிப்போட்டவர் வர இன்னும் இரண்டு வாரமாகும் என்பதே இந்தக் கணக்கு. அவர் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். நாளுக்கு நூறு கோடுகள் இருந்தது ஐந்தாக இறங்கும்போது நாற்காலியை எடுத்துவிடலாம். பழைய பலகைகளைக் கழற்றும் வேலைக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை என்பதால் அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். பதிவேட்டில் ஒவ்வொரு பலகையையும் ஒட்டும்போதே எண்ணிட்டு எழுதியிருந்தால், பொறுப்பாளர் ஒரு பிற்பகலில் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, எதிரே குறியிட்டுக்கொண்டே வளாகத்தைச் சுற்றிவந்துவிடலாம். எங்கள் மருத்துவமனையில் அப்படி 63 பலகைகளைக் கழற்றினோம். வேப்பமரத்துக்கு எதிரே என்று எழுதிய அந்த அட்டை மட்டும் பட்டியலில் இல்லாததால் தப்பிவிட்டது. மரத்தை வெட்டியபிறகும் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.